பொய்க் காசை யார் தலையில் கட்டுவது?

நாமக்கல் பக்கத்தில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் சில மாதங்களுக்கு முன் நம்மைத் தேடி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு வெள்ளை ரூபாய்க் காசு. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறு பக்கம் 1939 என்ற ஆண்டு. கைபேசியில் நடந்த ஓர் ஏலத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு எடுத்தாராம். 1939-ஆம் ஆண்டு ரூபாய் அபூர்வமானது, வாங்கி வைத்தால் ஐந்து மடங்காகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காசு தபாலில் வந்தபின் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அவர் கையில் வாங்கிய மாத்திரத்திலேயே, "தம்பி, இது வெள்ளியே இல்லையே!" என்று சொல்லிவிட்டார்.

இதுவரை கேட்டது ஏமாந்த கதைதான். இப்படி ஏமாந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் அந்தச் சகோதரர் நம்மிடம் வந்தது புலம்புவதற்காக அல்ல. அவர் கேட்ட கேள்வி வேறு.

"விற்றவன் பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறான். நானும் இதே படத்தைப் போட்டு ஏலத்தில் விட்டுவிடலாமா? 'பழைய காசு, எனக்கு இதைப் பற்றித் தெரியாது, உத்தரவாதம் இல்லை, பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று எழுதிவிடுகிறேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே! வாங்குகிறவன் பாடு, அவன் கண் பாடு. இது மார்க்கத்தில் கூடுமா?"

கேள்வியைக் கேட்டபோது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை, காசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விடை அவருக்கே ஓரளவு தெரிந்திருந்தது என்றுதான் நாம் எண்ணுகிறோம். இருந்தாலும் வாய்விட்டுக் கேட்டதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். கேட்காமலேயே விற்றுவிடுகிறவர்கள்தாம் நம்மில் அதிகம்.

காசைப் பற்றிய விபரத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். வெள்ளைக்காரன் காலத்து ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடை. 1939 வரை அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்தது. போர்க் காலத்தில், 1940 முதல், அது பாதி வெள்ளியாகக் குறைந்தது. 1946, 47-இல் முழுக்க நிக்கல் ஆயிற்று. ஆகவே 1939-ஆம் ஆண்டு ரூபாய் என்று ஒருவர் காட்டினால் அது தராசில் 11.66 கிராம் நிற்க வேண்டும். தேய்மானத்தில் சிறிது குறையலாம், அதிகம் குறையாது. நம் சகோதரரின் காசு 9.7 கிராம்தான் இருந்தது.

செவ்வாய்ப்பேட்டைப் பெரியவர் அதோடு விடவில்லை. காசை நூலில் கட்டி, ஒரு தம்ளர் தண்ணீரில் மூழ்கத் தொங்கவிட்டு மறுபடியும் நிறுத்தார். தண்ணீருக்குள் 1.13 கிராம் குறைந்தது. 9.7-ஐ 1.13-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.6 வரும். நல்ல வெள்ளி ரூபாய்க்கு இந்தக் கணக்கு 10.3 வர வேண்டும். 8.6 என்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த ஜெர்மன் சில்வர் என்னும் கலவையின் கணக்கு. அந்தக் கலவையில் பெயரில் மட்டும்தான் வெள்ளி உண்டு. உரைகல்லும் வேண்டாம், திராவகமும் வேண்டாம். ஒரு தம்ளர் தண்ணீரும் நகைத் தராசும் போதும். நம் வீட்டுப் பெண்மணிகள்கூடச் செய்து பார்த்துவிடலாம். காந்தத்தை வைத்துப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் காந்தத்தில் ஒட்டாத காசெல்லாம் வெள்ளி என்று நினைத்துவிடக்கூடாது. பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. 1946, 47-ஆம் ஆண்டு நிக்கல் ரூபாயோ உண்மையான காசாக இருந்தும் காந்தத்தில் ஒட்டும்.

இது முழுப் பொய்க்காசு. இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது பாதிப் பொய். காசு உண்மையானதாகவே இருக்கும், எடையும் வெள்ளியும் சரியாகவே இருக்கும். 1938 என்ற காசில் கடைசி எண்ணை மட்டும் சுரண்டி, செதுக்கி 1939 ஆக்கியிருப்பார்கள். இப்படித் திருத்திய காசு தராசில் பிடிபடாது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அந்த ஓர் எண்ணைச் சுற்றி மட்டும் நுண்ணிய கீறல்கள், நிறத்தில் ஒரு வேறுபாடு, மற்ற மூன்று எண்களின் உயரத்துக்குப் பொருந்தாத தடிப்பு ஆகியவை தெரியும். வார்ப்பில் செய்த காசானால் எழுத்துகள் சோப்பைப் போல் வழவழப்பாக இருக்கும், மேற்பரப்பில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும், விளிம்பில் வார்ப்பு ஒட்டிய கோட்டை அரத்தால் ராவிய அடையாளம் இருக்கும். ஏலத்தில் போடும் படங்களில் விளிம்பு ஏன் வருவதில்லை என்பதை இனி நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1911-ஆம் ஆண்டு ரூபாயின் கதை நம் சமுதாயத்தோடு சம்பந்தப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டமேற்ற பின் வெளியான முதல் ரூபாய் அது. மன்னரின் அங்கியில் உள்ள யானைச் சின்னத்தில் துதிக்கை குட்டையாகப் போய், அது பன்றியைப் போல் தோன்றியது. மன்னரே பன்றியைச் சுமந்து நிற்பதா என்று முஸ்லிம்களிடையே மனக்கசப்பு எழுந்தது. அச்சிட்ட 94 லட்சம் காசுகளில் சுமார் 7 லட்சமே வெளியே போயிருந்தன என்றும், எஞ்சியவை உருக்கப்பட்டன என்றும் நாணய நூல்கள் கூறும். 1912-இல் துதிக்கையை நீட்டித் திருத்தினார்கள். அந்த 1911-க்கு இன்று கிராக்கி. எனவே 1917-இல் உள்ள ஏழைச் சுரண்டி ஒன்றாக்கி விற்கிறார்கள். எண்ணைத் திருத்திய கைக்கு யானையைத் திருத்தத் தெரிவதில்லை. 1911 என்று எழுதியிருந்து துதிக்கை நீளமாகத் தொங்கினால் அது பொய். அன்று நம் பாட்டனார்களின் மனத்தைப் புண்படுத்திய அந்தக் குட்டைத் துதிக்கைதான் இன்று உண்மைக்குச் சாட்சி!

நம் சேலம், நாமக்கல் சீமை 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கும்பெனியாரிடம் போகும் வரை திப்பு சுல்தான் ஷஹீத் (ரஹ்) அவர்களின் ஆட்சியில் இருந்தது. ஆகவே யானை பொறித்த அவர்களுடைய செப்புக் காசு என்றால் நம்மவர்களுக்கு ஒரு தனிப் பாசம். பொன், வெள்ளிக் காசுகளுக்கு அவர்கள் அஹ்மதி, சித்தீக்கி, ஃபாரூக்கி, ஹைதரி, இமாமி என்றெல்லாம் பெயரிட்டார்கள்; இரட்டைச் செப்புக் காசுக்கு உஸ்மானி என்று பெயர். இந்தப் பாசத்தையும் விலைபேசுகிறவர்கள் இருக்கிறார்கள். திப்பு அவர்கள் 1787 வாக்கில் மவ்லூதி என்னும் ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தபோது, காசில் எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார்கள். 1215 என்பது நம் வழக்கப்படி படித்தால் 5121 என்று தோன்றும். இதை அறியாத கள்ளப் பட்டறைக்காரன் மவ்லூதி ஆண்டை இடமிருந்து வலமாகப் பொறித்து வைத்துவிடுவான்.

இவற்றையெல்லாம் விடக் கேவலமான ஒன்று உண்டு. கஃபாவையும் மதீனாவின் குப்பாவையும் பொறித்து, 1450 என்று ஆண்டு போட்ட பித்தளை வில்லைகளை, "அறுநூறு ஆண்டுப் பழைமையான மக்கா மதீனாக் காசு" என்று விற்கிறார்கள். ஹிஜ்ரி 1450 இன்னும் வரவேயில்லை; 2028-இல்தான் பிறக்கிறது. அது கிறிஸ்தவ ஆண்டு என்றால், அந்தக் காலத்து முஸ்லிம் அரசர் எவரும் கஃபாவைப் படமாகப் பொறித்துக் காசு வெளியிடவில்லை. அப்துல் மலிக் இப்னு மர்வான் ஹிஜ்ரி 77-இல் படமில்லாத தீனாரை வெளியிட்டது முதல், எழுத்துத்தான் இஸ்லாமிய நாணயத்தின் பொதுவான அழகு. ஹஜ்ரத் அவ்ரங்கஸீப் ஆலம்கீர் (ரஹ்) அவர்களோ, காசு கண்டவர் கையிலும் காலிலும் படும் என்று அஞ்சி, கலிமாவையே காசிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவ்வளவு அதபு காத்த சமுதாயத்தின் பிள்ளைகளிடம் கலிமா பொறித்த பித்தளையைப் பக்தியின் பெயரால் விற்கிறார்கள். நாமும் அலமாரியில் வைத்து ஊதுபத்தி காட்டுகிறோம்! 786 என்ற எண் வந்த ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, முன்பணமும் வரியும் கமிஷனும் கேட்டுப் பறிக்கிற கூட்டமும் இதில் சேர்ந்ததுதான். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே, பழைய நோட்டு, நாணயங்களை வாங்குவதும் விற்பதும் தன் வேலையல்ல, தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவரை நம்பாதீர்கள் என்று அறிவித்துவிட்டது.

இனி நம் சகோதரரின் கேள்விக்கு வருவோம்.

இந்தக் கேள்வியை நம் முன்னோர்கள் முன்பே கேட்டுவிட்டார்கள். அக்காலத்தில் காசு என்பது வெள்ளி திர்ஹமும் பொன் தீனாருமாக இருந்ததால் கள்ளக் காசு அன்றாடத் தொல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில், சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைக் கூறும் பாகத்தில் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பொய்த் திர்ஹமைச் செலவழிப்பது நூறு திர்ஹம் திருடுவதைவிடக் கடியது என்று பெரியோர் ஒருவர் கூறியதை எடுத்துக்காட்டி, அதற்குக் காரணமும் சொல்கிறார்கள். திருட்டு ஒரு பாவம், செய்தவுடன் முடிந்துவிடுகிறது. பொய்க் காசோ கை மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். அதை முதலில் வெளியே விட்டவர் மவுத்தாகி நூறு, இருநூறு ஆண்டு கழிந்த பின்னும், அந்தக் காசு உருக்குலைந்து போகும் வரை, அதனால் நேர்ந்த தீங்கின் சுமை அவர் ஏட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். கபுருக்குள் போனபின்னும் கணக்கு மூடவில்லை என்றால் அந்த நிலையை என்னவென்பது!

அப்படியானால் பொய்க் காசு கையில் வந்து சேர்ந்துவிட்டவர் என்ன செய்வது? யார் கைக்கும் எட்டாதபடி கிணற்றில் எறிந்துவிட வேண்டும் என்பது இமாம் அவர்களின் தீர்ப்பு. "இது பொய்க் காசு" என்று சொல்லியே கொடுத்தாலும் தப்ப முடியாது என்கிறார்கள். பொய் என்று தெரிந்தும் ஒருவர் வாங்குகிறார் என்றால், தெரியாத இன்னொருவர் தலையில் கட்டத்தானே வாங்குகிறார்? நாணயம் பார்க்கக் கற்றுக்கொள்வது வியாபாரிக்குக் கடமை என்பதற்கும் அவர்கள் சொல்லும் காரணம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தான் ஏமாறாமல் இருப்பதற்காக அல்ல. அறியாமல் ஒரு முஸ்லிமின் கையில் பொய்க் காசைக் கொடுத்துவிடாமல் இருப்பதற்காகக் கற்க வேண்டுமாம். மேலே எடை, தண்ணீர், துதிக்கை என்று நாம் இவ்வளவு நீட்டி எழுதியதும் அந்த நிய்யத்தில்தான்.

அதே இடத்தில் ஒரு சம்பவத்தையும் கூறுகிறார்கள். அல்லாஹ்வின் பாதையில் போருக்குச் சென்ற ஒருவரின் குதிரை, எதிரியை நெருங்கும் வேளையில் மூன்று முறையும் பின்வாங்கிவிட்டது. அதற்கு முன் ஒருபோதும் அப்படிச் செய்யாத குதிரை அது. அவர் மனம் உடைந்து கூடாரத்தில் படுத்திருந்தபோது கனவில் அந்தக் குதிரையே பேசுகிறது: நேற்று எனக்குப் புல் வாங்கியபோது நீர் பொய்த் திர்ஹமைக் கொடுத்தீரே, பிறகு நான் எப்படி உமக்கு உதவுவேன் என்று. அவர் திடுக்கிட்டு எழுந்து ஓடி, புல்காரனைத் தேடிப் பிடித்துக் காசை மாற்றிக் கொடுத்தாராம். தலைப்பிரசவத்துக்கு மருந்து வாங்கிய பணமும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டிய பணமும் எந்த வழியில் வந்தது என்று நாம் எண்ணிப் பார்க்க இந்தக் குதிரை போதும்.

"உத்தரவாதம் இல்லை என்று எழுதிவிட்டேனே" என்ற வாதம் நியாயம் போலத் தோன்றும். ஹனஃபீ மத்ஹபில், குறை எதற்கும் பொறுப்பில்லை என்று நிபந்தனை போட்டு விற்பதற்கு இடம் உண்டு என்பதும் உண்மைதான். அந்த நிபந்தனை வியாபாரத்தை நிறைவேற்றும். தெரிந்த குறையை மறைத்த பாவத்தைத் துடைக்காது. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. அவர் சொன்னது பொய்யல்ல, மழை பெய்தது உண்மை. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இது சஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. அந்த வியாபாரி வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஈரத்தை அடியில் வைத்தார், அவ்வளவுதான். 'எனக்குத் தெரியாது' என்று எழுதத் துணிந்த நம் சகோதரர் அதற்கும் ஒரு படி மேலே போகிறார். செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் வந்தபின் அவருக்குத் தெரியும் அன்றோ!

விற்பதற்கு முன் ஆட்டின் மடியைக் கறக்காமல் கட்டிவைத்துப் பால் நிறைந்தது போல் காட்டுவதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவருக்கு மூன்று நாள் வரை திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் தந்தார்கள். ஆட்டுச் சந்தைக்குப் போய்வருகிற நம்மவர்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை. 1938-ஐ 1939 ஆக்குவதும் மடியைக் கட்டுகிற வேலையே. ஆடு உண்மையான ஆடு, காசு உண்மையான காசு. காட்டுகிற தோற்றம்தான் பொய்.

காசைச் சுரண்டுகிறவர் "என் காசு, என் அரம், உனக்கென்ன?" என்பார். இதுவும் பழைய பேச்சுத்தான். நபி ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரை அளவையிலும் நிறுவையிலும் நேர்மைக்கு அழைத்தபோது, எங்கள் பொருளில் நாங்கள் விரும்பியபடி செய்வதைக்கூட உம் தொழுகை தடுக்கிறதா என்று அவர்கள் கேலி செய்ததைத் திருமறை ஹூது அத்தியாயத்தில் எடுத்துச் சொல்கிறது. அவர்கள் விரும்பிச் செய்த காரியங்களில் ஒன்று தீனார், திர்ஹங்களின் ஓரத்தை வெட்டியெடுப்பது என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் சிலர் விளக்கியிருக்கிறார்கள்.

ஏலம் என்பதையே மார்க்கம் வெறுக்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வறுமையோடு வந்த ஓர் அன்ஸாரித் தோழரின் விரிப்பையும் கிண்ணத்தையும் பெருமானார் (ஸல்) அவர்களே கூறி ஏலமிட்டு, இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒன்றில் உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கச் செய்த செய்தி ஸுனன் கிதாபுகளில் வருகிறது. அங்கே விரிப்பும் கிண்ணமும் கண்ணெதிரே இருந்தன. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை மட்டும் ஏற்றிவிடும் 'நஜ்ஷ்' என்பது ஹதீஸில் தடுக்கப்பட்டது. கைபேசி ஏலத்தில் நாலு பெயரில் நாலு பேர் விலை ஏற்றுகிறார்கள். அந்த நாலு பேரும் விற்பவரின் கூட்டாளியா, அவரேதானா என்று யார் கண்டார்?

ஏமாந்தவருக்கும் மார்க்கம் வழி வைத்திருக்கிறது. பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் வேண்டாம் என்று திருப்பும் உரிமை ஹனஃபீ மத்ஹபில் உண்டு. பார்ப்பதற்கு முன்பே "திருப்ப மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டிருந்தாலும் அந்த உரிமை நீங்காது. ஷாஃபிஈ மத்ஹபில், காணாத பொருளின் வியாபாரமே கூடாது என்பது வலுவான சொல். குறை கண்டால் திருப்பும் உரிமையோ எல்லா மத்ஹபுகளிலும் இருக்கிறது. ஆகவே விற்றவரிடமே திருப்பிக் கேட்பதும், ஏலம் நடத்துகிறவர்களிடம் முறையிடுவதும், 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்வதும், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதும் நம் சகோதரருக்கு ஆகுமான வழிகள். இழந்ததை ஏமாற்றியவனிடம் கேட்கலாம். மூன்றாமவனிடம் வசூலிக்க முடியாது. வெள்ளி, பொன் காசுகளைக் கைக்குக் கை மாற்றாமல் தவணையில் வாங்குவதில் ரிபாவின் சட்டங்கள் வேறு குறுக்கிடுகின்றன. அதை அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்க.

வாங்குகிற பக்கத்திலும் ஒரு வஞ்சகம் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் வீட்டுப் பெரியம்மாக்களின் பெட்டகத்தில் மஹராக வந்த வெள்ளி ரூபாய்கள் நாலைந்து கிடக்கும். வாசலில் வருகிற வியாபாரி அதில் உண்மையான அபூர்வக் காசைக் கண்டுகொண்டு, வெள்ளி எடைக்கு மட்டும் விலை பேசி எடுத்துப் போய்விடுவான். ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக முந்நூறு திர்ஹத்துக்கு ஒரு குதிரை பேசி முடிக்கப்பட்டது. ஜரீர் (ரலி) அவர்கள் குதிரையைப் பார்த்துவிட்டு, உடையவரிடம் இது அதைவிட மேலானது என்று சொல்லி, தாமாகவே விலையைக் கூட்டிக் கூட்டி எண்ணூறு கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று பெருமானாரின் கரம் பற்றி பைஅத் செய்தவர்கள் அல்லவா! ஐந்நூறு திர்ஹம் நஷ்டம் என்று அவர்கள் கருதவில்லை. பெட்டகத்துக் காசை விற்குமுன் ஆண்டைப் படித்து, விவரம் தெரிந்த இருவரிடம் காட்டிக்கொள்ளுமாறு நம் சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். நிலத்தில் உழும்போது கிடைத்த புதையல் காசானால் அது வேறு விஷயம். 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். சந்தைக்குக் கொண்டுபோகக்கூடாது.

இவ்வளவையும் அன்று அந்தச் சகோதரரிடம் இதே வரிசையில் நாம் சொல்லவில்லை. கிணற்றுச் செய்தியை மட்டும்தான் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கள் பக்கம் கிணறெல்லாம் வற்றிக் கிடக்கிறதே, எவனாவது இறங்கி எடுத்துவிட்டால்?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம்தான். எட்டாயிரம் ரூபாய் என்பது அவருக்கு அரை மாதக் கூலி என்பதும் நமக்குத் தெரியும். விற்றவருக்கு மறுபடி எழுதிப் பாருங்கள், புகாரும் கொடுங்கள், அது முடியும் வரை காசைப் பத்திரமாக வையுங்கள், அதுவே சாட்சி என்றோம்.

பின்னொரு ஜும்ஆவன்று அவரைப் பள்ளிவாசலில் கண்டபோது விசாரித்தோம். விற்றவர் பெயரை மாற்றிக்கொண்டு மறைந்துவிட்டாராம், புகார் நிலுவையில் இருக்கிறதாம். காசை முன்னும் பின்னும் விளிம்புமாகப் படம் எடுத்துப் புகாரோடு சேர்த்துவிட்டு, பட்டறையில் தகடு வெட்டும் கத்தரியை வைத்து, 1939 என்ற எண்ணின் நடுவில் போகும்படி இரண்டாக வெட்டிவிட்டேன் என்றார்.